சின்னத் துப்பாக்கி

மார்கழி பிறந்துவிட்டால் தாமிரபரணிப் பாசனத்து வயல்களில் பிசான நெல் பச்சை பிடித்து நிற்கும். வடகிழக்குப் பருவமழை பொய்க்காத ஆண்டானால் கால்வாயின் கடைசிக் குளம்வரை நீர் தளும்பும். அந்நாள்களில்தான் வடநாடுகளிலிருந்து வாத்துக் கூட்டங்கள் நம் குளங்களைத் தேடி வந்து இறங்குகின்றன. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் என்று பறவை நூலோர் அவற்றைப் பெயர் பிரித்துச் சொல்வர். நம் கிராமத்து மக்களுக்கோ பெரியது தாரா, சிறியது சிறகி, அவ்வளவே.

இப்பறவைகளைச் சுடுவதற்கென்று ஒரு காலத்தில் நம் பகுதியில் சில வீடுகளில் துப்பாக்கி இருந்தது. அவற்றுள்ளும் சின்னக் குழல் துப்பாக்கிக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. பங்குச் சாமியார் துப்பாக்கியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வியக்கலாம். காரணம் உண்டு. “சின்னதுதானே, என்ன கேடு வந்துவிடப் போகிறது?” என்னும் பேச்சை நம் குடும்பங்களில் நாள்தோறும் கேட்கிறோம். அப்பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நமக்கு முதன்முதலில் விளங்க வைத்தது ஒரு சின்னத் துப்பாக்கியே.

நம் பெரியப்பா சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் மூன்று கோட்டை விதைப்பாடு நிலம் வைத்துப் பயிர் செய்தவர். அவரிடம் உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ‘ஃபோர் டென்’ என்று அதன் அளவைக் கடைக்காரர்கள் சொல்வார்கள். பெரியப்பா ‘நாலுபத்து’ என்பார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் வாத்துகள் சில காலம் ‘சிறு வேட்டை’ப் பட்டியலில்தான் இருந்தன, அதற்குரிய சீட்டுப் பெற்றவர் சுடலாம். நாம் சொல்வது அந்த எழுபதுகளின் பிற்பகுதியை. நமக்கு அப்போது எட்டு வயது.

துப்பாக்கிக் குழலை அளக்கும் முறை சற்று வேடிக்கையானது. ஓர் இராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் குழலுக்குப் பன்னிரண்டு போர் என்று பெயர். இருபது உருண்டைகளானால் இருபது போர். இருபத்தெட்டானால் இருபத்தெட்டு போர். ஆகவே எண் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டே வரும். நாலுபத்து மட்டும் இக்கணக்கில் அடங்காது. அது குழலின் விட்டத்தையே அங்குலத்தில் சொல்வது: .410 அங்குலம், அதாவது பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பன்னிரண்டு போரின் விட்டமோ 18 மில்லிமீட்டருக்கும் மேல்.

இத்துப்பாக்கிகளால் வாத்தைச் சுடுவது ஒற்றைக் குண்டாலன்று. தோட்டாவுக்குள் கடுகைவிடச் சற்றுப் பெரிய ஈய ரவைகள் அடைக்கப்பட்டிருக்கும். ஆங்கிலேயர் அளவுப்படி ஆறாம் எண் ரவை ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 270 பிடிக்கும். பன்னிரண்டு போர்த் தோட்டாவில் ஓர் அவுன்சும் அதற்குச் சற்று மேலும் அடைப்பார்கள். நாலுபத்துத் தோட்டாவிலோ அரை அவுன்சு அளவே. முன்னதில் முந்நூறு ரவை என்றால் பின்னதில் நூற்று முப்பத்தைந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

சின்னத் துப்பாக்கி எடை குறைந்தது. சுடும்போது தோளை இடிக்காது. சத்தமும் குறைவு, ஆகையால் குளத்துப் பறவைகள் அனைத்தும் ஒரேயடியாகக் கலைந்து போவதில்லை. இளைஞர்கள் சுடப் பழகுவதற்கு ஏற்றது என்று அதைத்தான் கையில் கொடுப்பார்கள். இத்தனை சாதுவான துப்பாக்கியால் பறவைகளுக்கும் பெரிய சேதம் வராது என்று ஊரில் பலரும் நம்பினர். பெரியப்பா மட்டும் அவ்வாறு நம்பவில்லை.

கோடையில் குளம் வற்றிக் கிடக்கும்போதே அவர் ஒரு வேலை செய்வார். தாம் வழக்கமாக உட்காரும் உடைமரத்தடியிலிருந்து இருபத்தைந்து கஜம் அளந்து, அங்கே ஒரு பனைமட்டையை ஆழ ஊன்றி வைப்பார். மழை பெய்து குளம் பெருகியபின் அம்மட்டையின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும். மாலை மங்கும் நேரத்தில் வாத்துகள் குளத்தை விட்டு வயல்களுக்கு இரை தேடக் கிளம்பும். விடியுமுன் திரும்பி வரும். அந்த இரு வேளைகளிலும் மட்டைக்கு இப்பால் வரும் பறவைக்கு மட்டுமே அவருடைய துப்பாக்கி உயரும்.

ஒரு மாலை நாமும் அவரருகில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு கூட்டம் சிறகொலி எழுப்பிக்கொண்டு போயிற்று. “பெரியப்பா, அந்தா போகுது, சுடுங்க!” என்று கத்தினோம்.

“ஏலே, சத்தம் போடாத. அது மட்டை தூரத்தத் தாண்டிப் போகுதுல்லா. நம்ம துப்பாக்கி அங்க எட்டாது.”

“எட்டாட்டி என்ன? பட்டா படட்டும்.”

“பட்டுட்டு விழாமப் போனா, அதுக்கு யாருல பதில் சொல்லுவா?”

அந்தக் கேள்விக்கு எட்டு வயதில் நம்மிடம் விடை இல்லை.

அவருக்கு வேறு விதிகளும் இருந்தன. கூட்டத்தின் நடுவே குத்துமதிப்பாகச் சுடுவதில்லை; ஒரு பறவையைப் பார்த்தே குறிவைப்பார். கோரை அடர்ந்த இடத்தில் விழக்கூடிய பறவையை விட்டுவிடுவார். விழுந்ததை நீருக்குள் இறங்கி எடுத்து வந்த பிறகே அடுத்த தோட்டாவைப் போடுவார். வீட்டுக்கு இரண்டு போதுமென்றால் இரண்டோடு எழுந்துவிடுவார். தோட்டாவின் விலையை நினைத்துத்தான் இத்தனை சிக்கனம் என்று ஊரார் கேலி பேசியதுண்டு. அவர் மறுத்ததுமில்லை, ஆமென்றதுமில்லை.

ஓர் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் பட்டணத்திலிருந்து விருந்தினர் சிலர் ஊருக்கு வந்திருந்தனர். அவர்களிடமும் சின்னத் துப்பாக்கிகளே இருந்தன. ஒன்று இருபத்தெட்டு போர், மற்றது நாலுபத்து. குளத்தின் மறுகரையில் உட்கார்ந்து, உயரத்தில் சென்றவற்றையும் தூரத்தில் சென்றவற்றையும் பார்த்து இருட்டும்வரை சுட்டார்கள். ஒன்பது வாத்துகளைக் கயிற்றில் கோத்து மகிழ்ச்சியோடு தூக்கிச் சென்றனர். “சின்னத் துப்பாக்கிக்கு ஒன்பது அதிகம்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னது இன்னும் நம் காதில் இருக்கிறது.

மறுநாள் காலையில் களை எடுக்கப் போன பெண்கள் குளத்துக் கரையோரக் கோரையில் செத்துக் கிடந்த மூன்று பறவைகளைக் கண்டார்கள். நான்காவது ஒன்று உயிரோடு இருந்தது. நம் பெரியம்மா அதை முந்தானையில் பொதிந்துகொண்டு வந்து வீட்டுப் பஞ்சாரத்துக்குள் வைத்தார். அது ஒரு நீலச்சிறகி. ஒரு சிறகு தொங்கிற்று. நெல்லைப் போட்டால் கொத்தும். தண்ணீர் வைத்தால் அலகை நனைக்கும். ஆள் வந்தால் மூலைக்கு நகரும். பள்ளி விடுமுறையானபடியால் பகல் முழுவதும் அதன் அருகிலேயே கிடந்தோம். நான்காம் நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியபோது அது விறைத்துக் கிடந்தது.

பெரியப்பா அதைப் புதைக்குமுன் இறகுகளை விலக்கிப் பார்த்தார். சிறகெலும்பில் ஒரு ரவை. வயிற்றில் ஒரு ரவை. “ரெண்டே ரெண்டு” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

பெரியப்பா சொல்லாமல் விட்டதைப் பிற்காலத்தில் நூல்களில் படித்து அறிந்தோம். சின்னக் குழலிலிருந்து வரும் ரவைகள் குறுகிய வட்டத்துக்குள் செல்லும் என்பது பலருடைய எண்ணம். ரவைகள் விரிவது, குழலின் வாய் எந்த அளவுக்கு ஒடுக்கப்பட்டிருக்கிறது என்பதையே பெரிதும் பொறுத்தது. பெரிய துப்பாக்கியும் சின்னத் துப்பாக்கியும் நாற்பது கஜத்தில் ஏறக்குறைய ஒரே அகலத்துக்குத் தங்கள் ரவைகளை விரிக்கக்கூடும். அந்த அகலத்தை நிரப்புவதற்கு ஒன்றிடம் முந்நூறு உண்டு. மற்றதிடம் அதில் பாதியும் இல்லை. நம் கடற்கரைப் பங்கு மக்களுக்கு இதை எளிதில் விளக்கலாம்: இரண்டும் ஒரே அகலமுள்ள வலைகள்தாம், ஒன்றில் கண்கள் நெருக்கம், மற்றதில் கண்கள் அகலம். அகன்ற கண்ணின் வழியே மீன் தப்பிவிடும். வாத்தோ முழுதும் தப்புவதில்லை. ஒன்றிரண்டு ரவைகளை உடம்பில் வாங்கிக்கொண்டு தப்புகிறது. வாத்தின் இறகு அடர்த்தியானது, உடல் வலுவுள்ளது; ஓரிரு ரவைக்கு அது உடனே விழாது. சுட்டவர் தவறிவிட்டது என்று எண்ணி அடுத்த தோட்டாவைப் போடுவார். அதுவோ எங்கோ கோரையில் இறங்கி நாள் கணக்கில் சாகும்.

கைதேர்ந்த வேட்டைக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பன்னிரண்டு போருக்கு நாற்பது கஜம், நாலுபத்துக்கு இருபத்தைந்து கஜம் என்று அவர்களே எல்லை வகுத்திருந்தனர். பெரியப்பா ஊன்றிய பனைமட்டையும் அந்த எல்லையே.

பறவைமேல் படாத ரவைகளுக்கும் ஒரு கதை உண்டு. அவை குளத்துச் சேற்றில் அமிழ்ந்து கிடக்கும். வாத்துகளுக்குப் பல் இல்லை. விழுங்கிய தானியத்தை அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி இரைப்பையில் வைத்துக்கொள்ளும். கல் என்று எண்ணி ஈய ரவையை விழுங்கினால் அது அரைபட்டு இரத்தத்தில் கலந்து நஞ்சாகிறது. குறி தவறிய ரவை பல ஆண்டுகள் கழித்து, சுட்டவர் கண்ணால் காணாத ஒரு பறவையைக் கொல்லக்கூடும். இதனாலேயே அமெரிக்க நாடு 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீர்நிலைகளில் ஈய ரவையைப் பயன்படுத்துவதற்கு 2023 முதல் தடை நடப்பில் இருக்கிறது.

எல்லை என்பதையே அறியாத வேட்டையும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. இராசபுதனத்துப் பரத்பூர் நீர்நிலையில் 1938ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அன்றைய வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே பகலில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன. அக்கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லிலும் விழுந்த பறவைகளின் கணக்குத்தான் உண்டு. பட்டுவிட்டுப் பறந்தவற்றின் கணக்கு இல்லை. அதே பரத்பூர் இன்று தேசியப் பூங்கா. 1985இல் உலகப் பாரம்பரிய இடமாகவும் ஏற்கப்பட்டது.

நம் தமிழ் மக்களோ இதற்கு வெகுகாலம் முன்னரே வேறு வழியைக் கண்டிருந்தனர். செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை ஆங்கிலப் படைவீரர்கள் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798 வாக்கில் பறவைகளுக்குப் பாதுகாப்பு ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவ்வுழவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் மாவட்டத்திலேயே நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாற்றின் அணை நீர் அக்குளத்துக்கு வந்து சேர்கிறது. கூழைக்கடாக்களும் நாரைகளும் அவ்வூர் மரங்களில், வீட்டுக் கொல்லைகளில்கூட, கூடு கட்டுகின்றன. பறவைகள் அஞ்சிப் போய்விடுமென்று ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் குளிர்காலத்தில் அங்கே தங்குகிறது. அரசு 1994இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் அது இப்போது இடம்பெற்றிருக்கிறது. துப்பாக்கிச் சத்தத்தை மட்டுமன்று, வெடிச் சத்தத்தையும் விலக்கிய ஊர் நம் அருகிலேயே இருப்பது நமக்குப் பெருமை.

சட்டமும் காலப்போக்கில் இறுகியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வாத்து வேட்டைக்குச் சீட்டு வழங்குவது நாட்டில் ஒழிந்தது. பெரியப்பா துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் தடவி, உறையிலிட்டுச் சுவரில் மாட்டினார். உரிமத்தை மட்டும் ஆண்டு தவறாமல் புதுப்பித்து வந்தார். ஆனால் கோடைதோறும் பனைமட்டையை ஊன்றுவதையும் அவர் விடவில்லை. “தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கத்தான்” என்பார்.

2014இல், எண்பத்தாறாம் வயதில் பெரியப்பா இறைவனடி சேர்ந்தார். உரிமம் பெற்றவர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு விரும்பினால் தம் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நம் அண்ணன் விண்ணப்பிக்க விரும்பினார். “அப்பா கைபட்ட பொருள், அதை அன்னியனுக்குக் கொடுக்க மனசு வரல” என்றார். மதினிக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களுடைய இளைய மகனுக்கு அப்போது பதினாறு வயது. உரிமம் தேவைப்படாத ஏர் கன் ஒன்றை அவன் வைத்திருந்தான், 4.5 மில்லிமீட்டர் குண்டு, ஒரு தடவைக்கு ஒன்று. அதைக் கொண்டு குளத்து வாத்துகளைக் குறிபார்க்கிறான் என்பதை மதினி கண்டுபிடித்திருந்தார். “ஏர் கன்னுதானம்மா, அதுல என்ன சாகும்?” என்பது அவனுடைய பதில். இந்தத் துப்பாக்கியும் வீட்டில் இருந்தால் என்ன ஆகுமோ என்று அவர் கலங்கினார். பதினாறாம் நாள் சடங்குக்கும் பூசைக்கும் பிறகு, “நீங்கதான் சொல்லணும் சாமி” என்று இருவரும் நம்மைப் பார்த்தார்கள்.

நாம் வாய் திறக்குமுன் அந்தப் பிள்ளையே கேட்டான்: “சித்தப்பா, அப்போ தாத்தா சுட்டது பாவமா?”

வீட்டில் எல்லோரும் அமைதியானார்கள். ஆமென்றால் புதைத்து மண் காயாத முதியவரைப் பழிப்பதாகும். இல்லையென்றால் அவன் தன் ஏர் கன்னுக்கு அனுமதி வாங்கிக்கொண்டதாக எண்ணுவான்.

இணைச்சட்ட நூலில் வழியிலுள்ள ஒரு பறவைக் கூட்டைப் பற்றிய கட்டளை உண்டு. கூட்டைக் காண்பவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாய்ப் பறவையைப் போகவிட்டுவிட வேண்டும் என்பது அதன் கருத்து. எடுக்காதே என்று அக்கட்டளை சொல்லவில்லை. எடுப்பதற்கு எல்லை வகுத்தது. உன் தாத்தா அவ்வெல்லைக்கு உள்ளே நின்றவர் என்று அவனுக்குச் சொன்னோம். பனைமட்டையைப் பற்றிச் சொன்னோம். பஞ்சாரத்துக்குள் நான்கு நாள் கிடந்த சிறகியைப் பற்றியும் சொன்னோம். அன்று குளங்கள் நிறைய. அவற்றில் பறவைகளும் நிறைய. இன்று குளங்கள் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போயிருக்கின்றன. எனவே சட்டம் தாத்தாவின் மட்டையைப் பிடுங்கி நம் காலடியிலேயே ஊன்றிவிட்டது. அதற்கு அப்பால் எதையும் சுடுவதற்கில்லை. நூற்று முப்பத்தைந்து ரவையுள்ள துப்பாக்கிக்கே இருபத்தைந்து கஜம்தான் எல்லை என்று உன் தாத்தா அளந்திருக்க, ஒற்றைக் குண்டுள்ள ஏர் கன் வாத்தை உடனே வீழ்த்தும் என்று எப்படி நம்புகிறாய் என்று கேட்டோம். “நீ சுட்டதில் ஏதாவது பட்டதா?” என்றும் கேட்டோம்.

சற்று நேரம் தலைகுனிந்திருந்தான். “ஒண்ணு பட்டிச்சு. ஆனா விழல. பறந்து போயிருச்சு” என்றான்.

அதற்கு மேல் நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. நாலுபத்துத் துப்பாக்கி ஆயுத வணிகரிடம் போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்கு அதில் வருத்தம்தான், அதை மறைக்கவுமில்லை. அதன் உறை மட்டும் இன்னும் அந்த ஆணியில் தொங்குகிறது. 2011 முதல் தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அடுத்த ஆண்டு அப்பிள்ளையும் நண்பர்களோடு அதற்குப் போய் வந்தான். பறவைகளைவிட அங்கே கிடைத்த மதியச் சாப்பாட்டைப் பற்றியே அதிகம் பேசினான் என்று மதினி சிரித்துக்கொண்டே சொன்னார். அதுவும் நன்றே.

பெற்றோரே, பெரியோரே! விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பரிசாக ஏர் கன்னோ, கவணோ வாங்கிக் கொடுக்குமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எந்தக் கருவியாலும் காட்டுப் பறவையைச் சுடுவது இன்று சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தண்டனைக்கு அஞ்சுவதோடு நின்றுவிடாமல், சைபீரியாவுக்கும் நமக்கும் இடையே இத்தனை மலைகளையும் பாலைகளையும் கடந்து, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய உடலோடு ஒரு சிறகி நம் குளத்துக்கு வந்திருப்பதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

வீட்டுக்குள்ளும் இப்படித்தான். சினத்தில் வீசிய ஒரு சின்னச் சொல், விளையாட்டாகச் சொன்ன ஒரு சின்னப் பொய், உடன்பிறந்தாரிடம் காட்டிய ஒரு சின்னப் பாராமுகம் இவற்றால் யாரும் உடனே வீழ்வதில்லை. கேட்டவர் எழுந்து தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நாமும் அவருக்கு ஒன்றும் படவில்லை என்று எண்ணிக்கொள்வோம். படுவது விழுவதற்குள் அது நம் பார்வையைக் கடந்துவிடுகிறது. நமக்கு எட்டும் தூரம் எது என்பதை அறிந்து அங்கே ஒரு மட்டையை ஊன்றிக்கொள்வது நல்லது. அதற்கு அப்பால் பறப்பதைப் பறக்க விட்டுவிடுவோம்.